மேசையில் வைத்திருந்த கை

போன மாதம் ரிஸ்னா டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பாடசாலையில் தரம் ஒன்று இப்போது அவர் பொறுப்பில். ஆரம்பப் பிரிவு வகுப்புகளுக்கெல்லாம் புதிதாக ஒலிபெருக்கி வந்திருக்கிறதாம். காலையில் பாடம் தொடங்க முன் பதினைந்து நிமிடம் சாஸ்திரிய இசை போட வேண்டுமாம். பிள்ளைகளின் மனம் ஒருமுகப்படுமாம், வகுப்பு அமைதியாக இருக்குமாம்.

“இந்தப் பக்கத்துல இத முதல்ல செஞ்சது நீங்கதானே டீச்சர். மேலிடத்துல இருந்தெல்லாம் உங்கட வகுப்பப் பாக்க வந்தாங்களாமே. ஒரு நாள் வந்து எங்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தாங்களேன்” என்றார்.

“பார்ப்பம் மகள்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வந்தார்கள்தான். பார்த்தார்கள்தான். பாராட்டிவிட்டும் போனார்கள். அவர்கள் பாராட்டிய அந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. கண்டுபிடித்ததுகூட நான் அல்ல. பத்து நிமிடப் பேச்சில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகையால் ரிஸ்னாவுக்கு எழுதியே அனுப்புகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தது கனமூலை. வாப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். நியமனம் கிடைத்து, கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி முடித்து, அங்கும் இங்குமாக நாலு பாடசாலை மாறி, கடைசியில் கற்பிட்டிப் பாதையில் ஒரு கரையோரப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் பாதை. பாதையை ஒட்டினாற்போல் என் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒருவன் கதிரையில் ஏறி நிற்பான், ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரைக் கடித்துத் துப்புவாள், மீன் லொறி ஹோன் அடித்துக்கொண்டு போனால் அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். பத்து மணிக்கு முன்பே எனக்குத் தொண்டை கட்டிவிடும். ஏசி ஏசியே காலம் போய்விடும் என்று நான் நினைத்திருந்த நேரத்தில்தான் அந்த இசை வட்டு வந்தது.

புத்தளத்தில் ஒரு நாள் கருத்தரங்கு. வகுப்புக்கு ஒரு வட்டும், அதைப் போடும் பெட்டியும், வழிகாட்டல் பத்திரமும் தந்தார்கள். வட்டில் வீணை, வயலின், புல்லாங்குழல், கூடவே மிருதங்கம். பாட்டு வரிகள் எதுவும் இல்லை. முறையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஜன்னல்களைப் பாதி சாத்த வேண்டும். பிள்ளைகள் இரண்டு கையையும் மேசையில் வைக்க வேண்டும். பெட்டியின் சத்தம், வகுப்பின் கடைசியில் நின்று ஆசிரியர் குசுகுசுத்தாலும் கேட்கிற அளவுக்குத்தான் இருக்கலாம். முதல் ஐந்து நிமிடம் கேட்பது மட்டும். அடுத்த பத்து நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டே எழுத்துப் பயிற்சி. முடிந்ததும் அவதானப் பத்திரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள்: அமைதியாக இருந்தது, இசையைக் கவனித்தது, வேலையை முடித்தது. சரி அடையாளம் போட வேண்டும். எல்லாரும் இருந்தால் தினமும் நூற்றுப் பதினான்கு கட்டம். பேனை பிடித்த கைக்கு அது பழகிப்போக ஒரு மாதம் போதும்.

எங்கள் அதிபர் முஸம்மில் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இங்கே வந்தவர். அவர் கோபப்பட்டால் குரல் கூடாது, குறையும். அவர் மெதுவாகப் பேசுகிறார் என்றால் நாங்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பி நிற்போம். எந்தக் கடிதமும் முதலில் பென்சிலில் எழுதப்படும். அதை எங்களில் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார், பிறகுதான் பேனை எடுப்பார். சிறு பிள்ளைகளின் வகுப்புக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏன் சேர் என்று ஒரு முறை கேட்டதற்கு, “அதுகள் பாய் விரிச்சி விளையாடுற இடம் டீச்சர்” என்றார். பாடசாலைப் பூட்டுகளின் திறப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோர்வையாக இடுப்பில் வைத்திருப்பார். அவர் வருகிறார் என்பது அந்தச் சத்தத்தில் தெரியும்.

இசை என்றதும் பெற்றோர் கூட்டத்தில் சிலர் எழும்பினார்கள். அது எதிர்பார்த்ததுதான். “சேர், எங்கட பள்ளிக்கூடத்துல மியூசிக் எதுக்கு? ஓதிக் குடுத்தாப் புள்ளைகள் அமைதியா இருக்காதா?” என்று ஒரு வாப்பா கேட்டார். கேட்டதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. அதிபரும் முகம் சுளிக்கவில்லை.

“எனக்கும் வீட்டுல இது பழக்கமில்ல” என்றார். “புள்ளைகள் குந்தி இருந்து எழுதுறதுக்கு இது ஒரு வழி எண்டு சொல்றாங்க. பாத்தாத்தானே தெரியும். விருப்பமில்லாதவங்க எழுதித் தாங்க. அந்தப் பதினஞ்சு நிமிசமும் உங்கட புள்ளைகள் அடுத்த வகுப்புல இருந்து ஓதட்டும். பலன் இல்லாட்டி மூணு மாசத்துல நானே நிப்பாட்டுவன்.”

ஏழு பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். ஆனால் அந்தக் கடைசி வசனம் எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பலன் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் முன்னால் அதிபருக்கும் தலைகுனிவு, எனக்கும் தலைகுனிவு. அன்றிலிருந்து நான் பலனைத் தேடத் தொடங்கினேன். தேடுகிறவளுக்குக் கிடைக்காமல் போகுமா?

பொய் சொல்லக் கூடாது, பலன் இருந்தது. மூன்றாம் வாரம் ஜன்னலுக்கு ஓடுவது நின்றது. கதிரையில் ஏறுகிறவன் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டான். இரண்டு மாதத்தில் எழுத்துகள் கோட்டுக்குள் வந்தன. என் தொண்டை கட்டுவது நின்றது. பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்களா, நான் கத்தாததால் அவர்கள் கத்தவில்லையா என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று எல்லாப் புகழையும் பெட்டிக்கே கொடுத்தேன்.

அந்த வகுப்பின் மகுடம் ஸஹ்ரா. உச்சமுனைத் தீவுப் பிள்ளை. வாப்பா கடற்றொழில். படிப்புக்காக உம்மா நஸீமா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் தன் மூத்த சகோதரி, ராத்தா வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டில் தீவுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவார்கள். ஸஹ்ரா அதிகம் கதைக்க மாட்டாள். கதைத்தாலும் வாய்க்குள்ளேயே கதைப்பாள். தீவில் பத்து வீட்டுச் சனத்தோடு வளர்ந்த பிள்ளை, கூட்டத்தைக் கண்டு மிரளுகிறது என்று நினைத்தேன். நான் கதைக்கும்போது என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். இவ்வளவு கவனமுள்ள பிள்ளையை என் ஆயுளில் கண்டதில்லை என்று ஓய்வறையில் பெருமையாகச் சொல்வேன்.

பெட்டி முன்வரிசை மேசையில் இருந்தது. அது ஸஹ்ராவின் மேசை. இசை தொடங்கியதும் அவள் இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்து வைப்பாள். கண்கள் பாதி மூடும். கொஞ்ச நேரத்தில் மிருதங்கத்துக்கு ஏற்ப ஒரு விரல் மட்டும் மெல்ல எழும்பித் தாழும். ஒரு நாள் நடுவில் கரண்ட் போனபோது மற்றப் பிள்ளைகளுக்கு முன் தலையை நிமிர்த்திப் பெட்டியைப் பார்த்தவள் அவள்தான். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு நான் அவளைத்தான் காட்டினேன். “அந்த முன் மேசைப் புள்ளையப் பாருங்க” என்றேன். வந்தவர்களில் ஒருவர் தன் தொலைபேசியில் படம் எடுத்தார். அந்த மூன்று மாத முடிவில் அதிபர் பென்சிலில் எழுதிய அறிக்கையிலும், “ஒரு மாணவி குறிப்பிடத்தக்க ஒருமுகப்பாட்டைக் காட்டுகிறார்” என்று ஒரு வரி இருந்தது. சத்தமாக வாசித்தவள் நான்.

அந்த நாட்களில் ஒரு காலை நஸீமா வகுப்பு வாசலில் வந்து நின்றார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“டீச்சர், ஸஹ்ரா வீட்டுல கூப்பிட்டாத் திரும்புறா இல்ல. ரெண்டு மூணு தரம் கூப்பிட வேண்டி இரிக்கி. கிட்டப் போய்த் தோளில தட்டினாத்தான் பாக்குறா. பாட்டுக் கேட்டுக் கேட்டு இப்பிடி ஆயிட்டாளோ எண்டு ராத்தா சொல்றா.”

அவர் சொன்ன மூன்று வசனத்தில் கடைசி வசனம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. ராத்தா தூண்டிவிட்டிருக்கிறார், இவரும் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு மாற்றக் கேட்கப் போகிறார் என்று எனக்குச் சுரீரென்றது. என் நல்ல சாட்சியே கையை விட்டுப் போகப்போகிறது.

“அப்பிடி ஒண்டும் இல்ல நஸீமா” என்றேன். “புள்ளைக்கு ஒருமுகம் கூடி இரிக்கி. ஒரு வேலையில மனம் போனா வேற ஒண்டும் விளங்காது. மத்த உம்மாமார் எங்கட புள்ளைக்கு இது இல்லையே எண்டு கவலப்படுறாங்க. நீங்க இத வந்து குறையாச் சொல்றீங்க.”

“அப்ப பயமில்லையா டீச்சர்?”

“பயப்பட ஒண்டும் இல்ல.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஸலாம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். ஒரு தாய் தன் பிள்ளையிடம் கண்ட குறையை எந்தப் படிப்பும் இல்லாமல் அப்படியே கொண்டுவந்து என் முன் வைத்தார். நான் அதை நல்ல தாளில் சுற்றிப் பரிசாகத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கு அடுத்த மாதம் வைத்தியப் பரிசோதனை. மருத்துவக் குழு வர முன் வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பத்திரம் நிரப்ப வேண்டும். பார்வை எப்படி, நடை எப்படி, பேச்சு எப்படி. அதில் ஒரு கேள்வி: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? நான் முப்பத்தெட்டுப் பத்திரத்தையும் இடைவேளையில் ஒரே இருப்பில் நிரப்பினேன். ஸஹ்ராவின் பத்திரத்தில் அந்தக் கேள்விக்கு நேரே சரி போட்டேன். அதோடு விட்டேனா? குறிப்பு என்ற இடத்தில், “இசையை மிகுந்த கவனத்துடன் கேட்பவர்” என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவள் அப்போது எனக்குப் பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு பாண் தின்றுகொண்டிருந்தாள். ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். வாயைத் திறக்க எனக்குச் சோம்பல்.

வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீண்ட வரிசை, ஒரே காலை. ஆசிரியர் சந்தேகம் எழுதிய பிள்ளைகளை அவர்கள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். சந்தேகம் இல்லாத பிள்ளைகளிடம் நேருக்கு நேர் பெயரும் வயதும் கேட்டார்கள். ஸஹ்ரா அவர்களின் வாயைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள், ஐந்து விரலைக் காட்டினாள். அடுத்த பிள்ளை வந்தது.

ரிஸ்னா, இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். வட்டு எது, சத்தம் எவ்வளவு என்றெல்லாம் என்னிடம் கேட்காதே. பெட்டியைத் திறக்க முன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் போய் நில். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடு. அவ்வளவுதான் நான் முப்பத்தொரு வருடத்தில் படித்தது.

வருட முடிவில் சிறுவர் விழா. ஓட்டத்துக்கும் பாட்டுக்கும் பரிசு கொடுக்கிறோம், நல்ல நடத்தைக்கும் ஒன்று கொடுத்தால் என்ன என்று நான்தான் யோசனை சொன்னேன். தடித்த தாளில், ஓரத்தில் பூ வரைந்து, “வகுப்பின் மிக அமைதியான பிள்ளை” என்று எழுதினேன். ஸஹ்ரா மேடைக்கு வந்து வாங்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் சிரித்தாள். கைகள் அசைவதைக் கண்டுதான் சிரித்திருக்கிறாள் என்று இப்போது விளங்குகிறது.

தரம் இரண்டுக்கும் அதே பிள்ளைகளோடு நானே போனேன். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பிள்ளை வயரில் கால் தடக்கி விழ, பெட்டியைச் சுவரில் உயரமாக ஒரு தட்டடித்து வைக்கும்படி அதிபர் சொன்னார். சீமெந்துச் சுவர். அன்றிலிருந்து ஸஹ்ரா மாறிவிட்டாள். இசை நேரத்தில் மேசையைத் தட்டினாள், எழும்பிப் போய்ச் சுவரில் கையை வைத்தாள், இருக்கச் சொன்னால் அழுதாள். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கிழித்தாள். அவதானப் பத்திரத்தில் அவள் பெயருக்கு நேரே முதன்முறையாகப் பிழை அடையாளங்கள் விழுந்தன. எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். நான் மேலே தூக்கிவைத்த பிள்ளை என்னை மானம் கெடுக்கிறாள் என்று கோபம். அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டிருந்த பிள்ளையை, என் முகம் தெரியாத தூரத்துக்கு அனுப்பினேன்.

அவள் எழுத்துகளும் தேய்ந்தன. வாய்க்குள் கதைத்தவள் பிறகு கதைப்பதையே விட்டாள்.

ஒரு நாள் பாடசாலை விட்ட நேரம். நான் படலையடியில் நின்று பிள்ளைகளைப் பாதையின் ஓரமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஸஹ்ரா தனியாகப் பாதையில் இறங்கி நடந்தாள். பின்னால் மீன் லொறி. ஹோன் அடித்தான். நீளமாக அடித்தான். பாதையில் இருந்த நாய்கூட ஒதுங்கியது. அவள் ஒதுங்கவில்லை. பிரேக் பிடித்த சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. லொறி அவளுக்கு இரண்டு முழத்தில் நின்றது. சக்கரம் கிளப்பிய மண் காலில் பட்டதும்தான் அவள் திரும்பினாள்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டீச்சர், இந்தப் புள்ளைக்குக் காது கேக்காதா?” என்றார்.

முன்பின் தெரியாத ஒரு மனுசன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவளைக் கையில் பிடித்து அதிபரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். முஸம்மில் சேர் எழும்பினார். அவளை என் முன்னால், என்னைப் பார்க்கும்படி ஒரு கதிரையில் இருத்தினார். எனக்குச் சிரிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் சிரித்தேன். ஸஹ்ராவும் சிரித்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் போனார். இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையை எடுத்து, தோள் உயரத்துக்குப் பிடித்து, அலுமாரியின் தகரத் தட்டில் போட்டார். என் உடம்பு தூக்கிப்போட்டது. ஸஹ்ரா சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் ஏன் துள்ளினேன் என்று விளங்காமல் என்னையே பார்த்தாள். இன்னொரு தரம் போட்டார். பிறகு திறப்பை மெல்ல எடுத்து இடுப்பில் கொழுவினார்.

பிறகு வைத்தியப் பரிசோதனைக் கோவையை எடுத்தார். போன வருடப் பத்திரங்களைப் புரட்டி, என் சரி அடையாளத்தையும் அதன் கீழே என் கையெழுத்தையும் பார்த்தார். எனக்குக் காட்டவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை.

“இதப் பத்திக் கதைச்சு இப்ப புள்ளைக்கு ஒண்டும் கிடைக்கப்போறதில்ல டீச்சர். நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல உம்மாவையும் கூட்டிக்கிட்டுப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தப் பத்திரத்தப் பத்தி உம்மாட்ட நீங்களே சொல்லுங்க. எப்ப சொல்லணும் எண்டு உங்களுக்கு விளங்கும்.”

போனோம். புத்தளத்திலிருந்து கொழும்புக்கும் போனோம். நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கேட்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எங்களிடம் சேர்ந்தபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும் என்றார் வைத்தியர். “அப்பவே கொண்டு வந்து காதுக்கு மெஷின் போட்டிருந்தா பேச்சு இந்தளவுக்குப் போயிருக்காது. ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?” என்று நஸீமாவைப் பார்த்துத்தான் கேட்டார். நஸீமா தலையைக் குனிந்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு சொல்வோம், பிள்ளைக்கு மெஷின் வரட்டும் என்று நினைத்தேன். மெஷின் வந்தது. அவள் கொஞ்சம் பழகட்டும் என்று நினைத்தேன். சாடை மொழி படிப்பிக்கிற தூரத்துப் பாடசாலை ஒன்றில் அவளைச் சேர்க்க ஓடித் திரிந்தேன். அந்த ஓட்டமே கடனைத் தீர்த்துவிடும் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். முஸம்மில் சேர் ஓய்வு பெற்ற நாளில், பிரியாவிடை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

“சொல்லிட்டீங்களா டீச்சர்?”

“இன்னும் இல்ல சேர்.”

தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு வருடத்தில் அவர் மௌத்தாகிவிட்டார். அதன் பிறகு அந்தப் பத்திரத்தைப் பற்றி உலகத்தில் நான் ஒருத்திதான் அறிவேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தானே வேண்டும்.

ரிஸ்னாவின் அழைப்பு வந்தும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் கற்பிட்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து போட்டில் உச்சமுனைக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு.

நஸீமா வாசலுக்கு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “டீச்சர் வந்திருக்காங்க, டீச்சர் வந்திருக்காங்க” என்று வீட்டைச் சுற்றிச் சத்தம் போட்டார். ஸஹ்ரா பின்னால் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். வளர்ந்த பெண். என்னைக் கண்டதும் உள்ளே போய், காதில் மெஷினை மாட்டிக்கொண்டு வந்தாள். விருந்தாளி வந்தால் மட்டும்தான் போடுவாளாம். சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஓரத்தில் பூ வரைந்த என் தாள் தொங்கியது. வகுப்பின் மிக அமைதியான பிள்ளை. ஸஹ்ரா அதைக் கையால் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுச் சிரித்தாள். பிறகு தேநீர் வைத்திருந்த மேசையில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாள்.

“பொட்டி” என்றாள். சொல் தடித்து, உடைந்து வந்தது. “கை. நல்லம்.”

ஒரு விரல் எழும்பித் தாழ்ந்தது. கையால்தான் கேட்டிருக்கிறாள். அதையும் நான்தான் சுவரில் ஏற்றி வைத்தேன்.

அவள் மீண்டும் கருவாட்டுப் பாய்க்குப் போன பிறகு நஸீமா குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், உங்களுக்கிட்ட ஒரு விசயம் சொல்லணும் எண்டு கன நாளா நெனச்சிக்கிட்டு இரிக்கிறன். அவட வாப்பா அப்பவே சொன்னவர், புள்ளைட காதுல ஏதோ இரிக்கி, கொழும்புக்குக் கொண்டு போவோம் எண்டு. போட் எல்லாம் சொல்லி வெச்சிட்டார். நான்தான் டீச்சரக் கேட்டுட்டன், ஒண்டும் இல்ல, வேணாம் எண்டு நிப்பாட்டின. உங்கள நான் சரியாக் கேக்கல்ல. ராத்தாட பாட்டுக் கதையச் சொல்லிக் குழப்பிட்டன். டொக்டர் என்னைக் கேட்டது சரிதான். புள்ளைட காது என்னாலதான் போன.”

அவர் அதைச் சொல்லி முடித்தபோது தேநீர்க் கோப்பை என் கையில் இருந்தது. கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சரியாகத்தான் சொன்னார் என்று சொன்னேன், எனக்குத்தான் கேட்க விருப்பமில்லை என்று சொன்னேன். பத்திரம், அந்தக் கேள்வி, என் சரி அடையாளம், அதன் கீழே எழுதிய வரி, வைத்தியர் முன் நான் வாய் மூடி இருந்தது, முஸம்மில் சேர் சொல்லச் சொன்னது, பிறகு சொல்லிவிட்டேனா என்று கேட்டது. எதையும் விடவில்லை.

நஸீமா அழவில்லை, ஏசவும் இல்லை. வெளியே மகளைப் பார்த்தார்.

“பன்னெண்டு வருசம் டீச்சர்” என்றார். “ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் இதுக்குத்தான் தவ்பா செய்ற. அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேக்காத நாள் இல்ல. இது உங்கட எண்டு அப்பவே ஒரு சொல்லு சொல்லி இருக்கலாமே.”

மன்னியுங்கள் என்று கேட்டேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போட்டுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார். வாசல் வரைக்கும் வந்தார், அதற்கு மேல் வரவில்லை.

என் பையைத் தூக்கிக்கொண்டு கரை வரைக்கும் வந்தவள் ஸஹ்ராதான். உள்ளே நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் ஏறி இருந்ததும் பையைத் தந்து, கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். போட் இன்னும் பத்தடிகூட நகரவில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல், “ஸஹ்ரா” என்று கூப்பிட்டேன். இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டேன். போட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.